இருபத்து நாலாம் இடம்

தான் விரும்பும் விளையாட்டுக்காரன் தோற்க வேண்டும் என்று பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்த ரசிகை உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கிரிக்கெட் என்றாலும் பரவாயில்லை. இது ஐஸில் சறுக்கியும் சுழன்றும் ஆடுகிற பொடியன்களின் உலகப் போட்டி. அதையும் கண்டியில் இருந்துகொண்டு, போர் நடந்த காலத்தில். சிரிப்பவர்கள் சிரிக்கலாம். நானும் முதலில் சிரித்தவள்தான்.

யாழ்ப்பாணப் பாதை மூடப்பட்டபோது தம்பி என்னோடு கண்டிக்குப் பக்கத்துக் குண்டசாலையில் நின்றான். ஏ.எல். சோதனை எழுதிவிட்டு இரண்டு கிழமை அக்காவோடு இருந்துவிட்டுப் போவோம் என்று வந்தவன். பையில் மூன்று சேட்டு, அம்மா கொடுத்துவிட்ட மிளகாய்த்தூள், ஒரு டப்பா பருத்தித்துறை வடை. வடை முடிவதற்கு முதலே பாதை மூடிவிட்டது. நான் கண்டி டவுனில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கடிதங்களைத் தமிழாக்கும் வேலையில் இருந்தேன். ஓய்வுபெற்ற சிங்கள ரீச்சர் ஒருவரின் வீட்டு மேல்மாடி எனக்கு வாடகைக்குக் கிடைத்திருந்தது. ஒரு ஹோல், ஓர் அறை, குசினி.

தம்பி அங்கே தங்குவதற்குப் பொலிஸ் பதிவு எடுத்தோம். ரீச்சரே கூட வந்து கையெழுத்துப் போட்டார். பதிவு இருந்தாலும் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருக்குமே, அதை என்ன செய்வது? இருபது வயதுப் பொடியன். ரீச்சர் நல்ல மனிசி. ஆனாலும் அவருக்கும் பயம். “மகளே, தம்பியை ரோட்டுப் பக்கம் விடாதே” என்று சிங்களத்தில் என்னிடம் மெதுவாகச் சொன்னார். நானும் விடவில்லை. முதலில் ஒரு மாதம் என்றேன். அது ஏழு மாதமானது. பகலில் பல்கனிக்குக்கூட அவனை வரவிட மாட்டேன். உடுப்புக் காயப்போடுவதும் நான்தான்.

ஏன் இவ்வளவு இறுக்கிப் பிடித்தாய் என்று யாரும் கேட்டால் அந்தக் காலத்தில் எனக்குக் கொதி வரும். ஊரில் எங்களுக்கு ஓர் அண்ணா இருந்தவர். ஒரு பின்னேரம் என்னுடைய சைக்கிளுக்கு ரியூப் வாங்கச் சந்திக் கடைக்குப் போனார். அனுப்பியவள் நான். “இண்டைக்கே வேணும்” என்று அடம்பிடித்து அனுப்பினேன். கடைக்காரர் ரியூபைச் சுற்றிக் கொடுத்தாராம். அதற்குப் பிறகு அண்ணாவை யாரும் காணவில்லை. இதற்குமேல் இதைப் பற்றி எனக்கு எழுத ஏலாது.

தம்பி பகல் முழுக்க ரீவி பார்த்தான். சத்தத்தைக் குறைத்துத்தான். வீட்டில் ஆள் இருப்பது பக்கத்து வீடுகளுக்குத் தெரிய வேண்டாம் என்பது என்னுடைய சட்டம். ரீச்சரின் டிஷ்ஷில் இருந்து இழுத்த வயரில் ஒரு விளையாட்டுச் சனல் வரும். ஒருநாள் நான் வேலையால் வந்து செருப்பைக் கழற்ற முதலே பிடித்துக்கொண்டான்.

“அக்கா, இஞ்ச வந்து இவனைப் பாரன். மூண்டு தரம் விழுந்திட்டான். மூண்டு தரமும் எழும்பி, கடைசியில என்ன வடிவாக் கும்பிடு போடுறான் தெரியுமோ!”

மஞ்சள் தலைமயிர், ஒல்லிக் கால், நீலச் சட்டை. பெயரைச் சொன்னால் வரைபடத்தில் தேட வேண்டிய ஒரு சின்ன நாட்டுப் பொடியன். பத்தொன்பது வயதுக்கு உட்பட்டவர்களின் போட்டி. அவன் கடைசிக்கு முந்தின ஆளாக வந்தான். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், இவனுக்குச் சறுக்குவதைத் தவிர வேறொன்றும் தெரியாதோ என்றேன். தம்பி வாய்விட்டுச் சிரித்தான். அவன் சிரித்துப் பல நாளாகியிருந்தது. அன்றைக்கே அந்தப் பொடியன் எங்களுக்கு ‘எங்கட ஆள்’ ஆகிவிட்டான்.

பிள்ளைகளின் போட்டிகளை அந்தச் சனல் எப்போதாவதுதான் காட்டும். மிச்சத்தை இணையத்தில்தான் தேட வேண்டும். அலுவலகத்தில் இணைய வசதி எங்கள் சேரின் அறைக் கணினியில் மட்டும்தான் இருந்தது. சுற்றுநிருபங்கள் அதற்குத்தான் வரும், அவற்றை எடுத்துத் தமிழாக்குவது என் வேலை. ஆகவே சேர் கூட்டத்துக்குப் போன நேரத்தில் நான் அங்கே உட்கார்ந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். முடிவுப் பக்கத்தில் ஒவ்வொருவரும் என்னென்ன பாய்ச்சல் பாய்ந்தார்கள், எத்தனை சுற்று, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு புள்ளி என்று வரிவரியாகப் போட்டிருப்பார்கள். எங்கட ஆளின் வரிகளைக் கடுதாசியில் எழுதி வீட்டுக்குக் கொண்டுபோவேன்.

தம்பி அதை வைத்துக்கொண்டு ஹோலில் ஆடுவான். காலுறையோடு, மினுக்கிய சீமெந்து நிலத்தில், கதிரைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு. “இப்ப மூண்டு சுத்து... இதில இறங்கேக்க தடுமாறியிருக்கிறான், புள்ளி குறைச்சிருக்கு...” என்று சொல்லிச் சொல்லிச் சுழலுவான். அலுமாரியில் போய் மோதுவான். கீழே இருந்து ரீச்சர் தும்புத்தடியால் முகட்டில் தட்டுவார். ஒருநாள் அப்படி மோதிவிட்டு நிலத்தில் உட்கார்ந்தபடியே சொன்னான்.

“ஐஸ் அறுபது மீற்றர் நீளமாம் அக்கா. இஞ்ச நான் அஞ்சு எட்டு வைச்சால் சுவர்.”

நான் குசினிக்குள் போய் வெங்காயம் வெட்டினேன்.

எங்களுக்கு மூன்றாவது ரசிகர் ஒருவரும் இருந்தார். எங்கள் அலுவலகப் பியோன், கலஹா தேயிலைத் தோட்டத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். நான் சேரின் அறையில் இருக்கும்போது வாசலில் நின்று பார்த்துக்கொள்வார். என்ன பார்க்கிறேன் என்று ஒருநாள் கேட்டார். காட்டினேன், வீட்டில் தம்பிக்காக என்றேன். அன்றிலிருந்து தேத்தண்ணிக் கோப்பையை வைக்கும்போதெல்லாம், “நம்ம புள்ள எப்புடிங்க மிஸ், விழுகாம ஆடுதா?” என்று விசாரிப்பார். விழுந்தது என்று சொன்னால் தன் பிள்ளை சோதனையில் தவறியதுபோல முகம் வாடிவிடும்.

இந்த நிலையில்தான் கடிதம் வந்தது. வெளிநாட்டில் இருந்த மாமா தம்பிக்குப் படிப்பு விசாவுக்கு எழுதிப் போட்டிருந்தார். தூதரகம் நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தது. கொழும்புக்கு நேரில் வர வேண்டும், திகதி இது, தவறினால் விண்ணப்பம் முடிந்தது. தம்பி அந்தக் கடிதத்தை எத்தனை தரம் வாசித்தான் என்று எனக்குத் தெரியாது. மடிப்பில் கிழியத் தொடங்கிவிட்டது.

கொழும்பு என்றால் ஆமியும் பொலிசும் வழி நெடுக மறிப்பார்கள். போய்ச் சேர்ந்தால் லொட்ஜில் தங்க வேண்டும். லொட்ஜில் நின்ற யாழ்ப்பாணப் பொடியன்களை ஏற்றிக்கொண்டு போன கதை ஒன்றா இரண்டா? “நீ போக ஏலாது” என்றேன். “அப்ப இந்த ஹோலுக்குள்ளயே கிழவனாகட்டோ?” என்றான். நான் கத்தினேன். அவன் சத்தமில்லாமல் கத்தினான். எங்கள் வீட்டுச் சண்டையும் சத்தம் குறைத்த சண்டைதான்.

ரெலிபோனில் அம்மா ஒரு வழி சொன்னார். “கோயில்ல பூ வைச்சுப் பாருங்கோ.” வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகக் கடுதாசியில் மடித்துச் சுவாமிக்கு முன்னால் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் கலியாணம், காணி, சத்திர சிகிச்சை எல்லாமே இப்படித்தான் முடிவாகும். நான் உடனே ஓம் என்றேன். தம்பி ஒத்துக்கொள்ளவில்லை.

“பூவை நீ திரும்பத் திரும்பப் போடுவாய் அக்கா. சிவப்பு வருமட்டும் விடமாட்டாய். உன்னை எனக்குத் தெரியும்.”

உண்மைதான். அப்படித்தான் செய்திருப்பேன்.

“எங்கட ஆளை வைச்சுப் பார்ப்பம்” என்றான். “உலகப் போட்டி வருது. முதல் நாள் சின்ன ஆட்டம். அதில இருபத்து நாலுக்குள்ள வந்தால்தான் அடுத்த நாள் பெரிய ஆட்டத்துக்கு விடுவினம். அவன் வந்தால் நான் கொழும்புக்குப் போறன். வராட்டில் கடிதத்தைக் கிழிச்சுப் போட்டிட்டு இருக்கிறன், பிறகு வாயே திறக்கமாட்டன். அவனைத் திருப்பி ஆட வைக்க உன்னால ஏலாது.”

நான் சம்மதித்தேன். நல்ல மனதோடு இல்லை. நாற்பது பேருக்கு மேல் ஆடும் போட்டி. எங்கட ஆள் அந்த வருடம் எங்கேயுமே முப்பதுக்குள் வந்ததில்லை. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் ஓம் என்றேன். அது போதாதென்று, வேலையால் வரும்போது டவுன் பிள்ளையாரிடம் போய் நின்றேன். அவன் இருபத்து நாலுக்குள் வராமல் விட்டால் பதினொரு தேங்காய் உடைக்கிறேன் என்று கண்ணை மூடிச் சொன்னேன். சொல்லிவிட்டு வெளியே வந்து எனக்கே வெட்கமாக இருந்தது. அந்தப் பிள்ளை எனக்கு என்ன பாவம் செய்தது?

போட்டி நடந்த நகரம் கிழக்கே இருந்தது, ஆகவே எங்களுக்குக் காலையிலேயே தொடங்கியது. அன்றைக்குச் சேர் கூட்டத்துக்குப் போயிருந்தார். நான் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தேன். பியோன் வாசலில். படம் ஒன்றும் இல்லை. பெயர்களும், பாய்ச்சலுக்குப் பாய்ச்சல் கொடுத்த புள்ளியும், விழுந்ததற்குக் குறைத்ததும் கொண்ட ஒரு பட்டியல் மட்டும். ஒவ்வொருவர் ஆடி முடிந்ததும் பக்கத்தைப் புதுப்பித்தால் பட்டியல் மாறும். எங்கட ஆள் ஒன்பதாவதாக ஆடினான்.

புள்ளி வந்தது. நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பப் பார்த்தேன். அவன் ஒருக்காலும் எடுத்திராத புள்ளி. விழவில்லை. ஒரு பாய்ச்சலிலும் தடுமாறவில்லை. அந்த நேரத்துப் பட்டியலில் இரண்டாவதாக நின்றான். “ஐயோ!” என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். அது சந்தோசத்தில் வந்த கத்தல். அடுத்த மூச்சில்தான் தம்பியின் கடிதம் ஞாபகம் வந்தது.

“விழுந்துருச்சுங்களா?” என்று பியோன் ஓடிவந்தார்.

“இல்ல. நல்லா ஆடிட்டான்.”

“அப்பறம் ஏங்க மூஞ்சி அப்புடி இருக்கு?”

பிறகு வந்தவர்கள் ஒவ்வொருவராக அவனைக் கீழே தள்ளினார்கள். ஐந்து. ஒன்பது. பதினாலு. அவன் ஒவ்வோர் இடமாக இறங்க இறங்க எனக்கு மூச்சு வந்தது. பத்தொன்பது. இருபத்தொன்று. வாசலில் இருந்து பியோன், “நில்லு சாமி, நில்லு” என்று அவனைக் கெஞ்சிக்கொண்டிருந்தார். நான் மனதுக்குள் போ, போ, இன்னும் நாலு இடம் போ என்று தள்ளிக்கொண்டிருந்தேன். அவனை எனக்கு விருப்பம். அந்தக் கும்பிடு எனக்கு விருப்பம். அவன் நாசமாகப் போக வேண்டும் என்றும் அதே நேரத்தில் விரும்பினேன். இரண்டும் ஒரே நெஞ்சுக்குள் இருந்தன.

இருபத்து மூன்று. இருபத்து நாலு. இன்னும் ஒரே ஒருவன் பாக்கி, அவனும் எங்கட ஆளைவிடக் கெட்டிக்காரன். அவ்வளவுதான், முடிந்தது என்று கதிரையில் சாய்ந்தேன். தேங்காய்க்கு எந்தக் கடைக்குப் போகலாம் என்றுகூட நினைத்தேன். மூன்று நிமிடம் கழித்துப் பக்கத்தைப் புதுப்பித்தேன்.

அந்தக் கெட்டிக்காரன் இரண்டு தரம் விழுந்திருந்தான். முப்பத்தோராவது இடம். எங்கட ஆள் இருபத்து நாலிலேயே நின்றான்.

பியோன் கையைத் தட்டியேவிட்டார். “வந்துருச்சுங்க மிஸ்! இருவத்து நாலு! தம்பிகிட்ட போயி சொல்லுங்க, குதிக்கும்!” அவருக்கு எங்கள் பந்தயம் தெரியாது. உள்ளே போய் எனக்கு ஒரு பிளேன்ரீ போட்டுக்கொண்டு வந்தார், சீனி கூடப் போட்டு. நான் குடித்தேன்.

பின்னேரம் பஸ்ஸில் வரும்போது தென்னக்கும்புர பாலத்தடியில் வழமைபோல ஆமிக்காரர் எல்லோரையும் இறக்கினார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. தம்பி வயதில் ஒரு தமிழ்ப் பொடியனைத் தனியே நிறுத்திவைத்திருந்தார்கள். எங்களை ஏற்றிக்கொண்டு பஸ் வெளிக்கிட்ட பிறகும் அவன் அங்கேயே நின்றான். யாரும் அவனுக்காகப் பஸ்ஸை நிறுத்தச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மிச்சத் தூரத்தில் நான் முடிவெடுத்துவிட்டேன்.

படியேறும்போதே கதவைத் திறந்துவிட்டான். காலையில் இருந்து அந்தக் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருப்பான்.

“என்னவாம்?”

“இருபத்தைஞ்சு” என்றேன்.

குரல் பிசகவில்லை. ஒரே ஓர் இடம்தானே, பெரிய பொய்யில்லை என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அவன் என் முகத்தைச் சந்தேகமாகப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. தலையைச் சொறிந்தான். “சே, பாவம்” என்றான். “ஒரு இடத்தில விட்டிட்டானே. அவ்வளவு தூரம் போய்...” அந்தப் பாவம் அந்தப் பொடியனுக்காகச் சொன்னது, தனக்காக இல்லை. பிறகு கடிதத்தை எடுத்து வந்து, எனக்கு முன்னால் நாலாகக் கிழித்துக் குசினி வாளியில் போட்டான். “குறி எண்டால் குறிதான்” என்றான். சொன்னபடியே அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

அடுத்த நாள் பெரிய ஆட்டம். நானும் பியோனும் பார்த்தோம். எங்கட ஆள் இரண்டு பேரைத் தாண்டி இருபத்திரண்டாவதாக முடித்தான். வரிகளைப் பழக்கத்தில் கடுதாசியில் எழுதிவிட்டேன். எழுதிய பிறகுதான் அதைக் கொண்டுபோய்க் காட்ட ஆள் இல்லை என்று விளங்கியது. சுருட்டிக் குப்பைக்குள் போட்டேன். பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைக்கவில்லை. அவர் தன் பங்கைச் செய்யவில்லை, என் பங்கைமட்டும் ஏன் கேட்கிறார் என்று ஒரு வீம்பு.

நேர்முகத் திகதி வந்தது, போனது. மூன்று மாதம் கழித்து ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறை நாள் காலை, எங்கள் ஒழுங்கையில் பொலிசார் வீடு வீடாகத் தேடினார்கள். ரீச்சர் பொலிஸ் பதிவைக் கொண்டுவந்து காட்டினார். நல்ல பிள்ளை, வெளியே போவதே இல்லை என்றார். ஏன் வெளியே போவதில்லை என்று கேட்டார்கள். அவர் பதிவையே திரும்பவும் நீட்டினார். இரண்டு கேள்வி கேட்டுவிட்டு அனுப்புகிறோம் என்று தம்பியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் தெருவுக்குப் பயந்து பூட்டி வைத்தேன். அவர்கள் வீட்டுக்குள்ளே வந்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

அவன் உயிரோடு வெளியே வந்தான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பதினாலு மாதம் கழித்து. இப்போது தூர நாட்டில் மனைவி பிள்ளையோடு இருக்கிறான். நான் சொல்ல வந்தது அதற்கு முதல் நடந்தது.

தெற்கே ஒரு தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். மாதம் ஒருமுறை பார்க்கலாம், பத்து நிமிடம். இடையில் இரண்டு அடுக்குக் கம்பிவலை, நடுவில் ஓர் ஆள் நடக்கும் அளவு இடைவெளி. காவலாளி அங்கேயே மேலும் கீழும் நடப்பான். முதல் மூன்று மாதமும் சாப்பாடு, சவர்க்காரம், லோயர் என்று கதைத்தே நேரம் போனது. நாலாம் மாதம் தம்பி மெலிந்து, தாடியோடு வந்து நின்றான். என்னைக் கண்டதும் சிரித்தான்.

“நீ அழாத அக்கா. விதி எண்டு ஒண்டு இருக்கு. நாங்கள் குறி பார்த்துத்தானே நிண்டனாங்கள். உன்னில ஒரு பிழையும் இல்ல.”

அவன் என்னைத் தேற்றுகிறான். அந்தக் கம்பிக்குள் நின்றுகொண்டு. எனக்கு அதற்குமேல் ஏலவில்லை.

“அவன் இருபத்து நாலாவதா வந்தவன்” என்றேன்.

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. “ஆர்?” என்றான்.

“எங்கட ஆள். இருபத்தைஞ்சு இல்ல. இருபத்து நாலு. அடுத்த நாளும் ஆடினவன். நான்தான் பொய் சொன்னனான். நீ போயிடுவாய் எண்டு பயந்து சொன்னனான்.”

காவலாளி எங்களுக்கு நடுவால் ஒருமுறை நடந்து போனான். அவன் விலகிய பிறகும் தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏசுவான் என்று நின்றேன். ஏசட்டும், காறித் துப்பட்டும் என்று நின்றேன். அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

“பெரிய ஆட்டத்தில எத்தினையாவது?”

“இருபத்திரண்டு.”

தலையை ஆட்டினான். பிறகு திரும்பி, வந்த கதவு வழியாகவே உள்ளே போய்விட்டான். காவலாளி மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, இன்னும் ஏழு நிமிடம் இருக்கிறதே, கூப்பிடவா என்று சிங்களத்தில் கேட்டான். வேண்டாம் என்றேன். ஆனால் போகவும் இல்லை. அந்த ஏழு நிமிடமும் வலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.